ஒளியைச் சுற்றுவழியில் அனுப்பியவளுக்கு

இன்று காலை பாடாங் செராய் கடைத்தெருவில் தனியாக நின்று சிரித்தேன். நாளை ஆயுத பூஜை. பூக்கடைத் தம்பி வாளியிலிருந்து தண்ணீரை அள்ளி, அடுக்கி வைத்திருந்த செவ்வந்தி மாலைகளின் மேல் தெளித்துக்கொண்டிருந்தான். நனைந்த செவ்வந்தியின் வாசம் உனக்குத் தெரியும், பாதி கசப்பு, பாதி பச்சை. அது மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குக் கோயில் ஞாபகம் வரும். எனக்கு வந்தது கடல் கடந்த ஓர் ஆய்வுக்கூடம், எக்ஸ்ரே கதிர் பாய்ந்து வரும் நீண்ட குழாய், அதன் கோடியில் நீ கட்டிய கருவி, அதில் ஈரம் சொட்டத் தொங்கிய ஒரு மாலை.

"என்னாக்கா, மால நல்லா இல்லையா?" என்று தம்பி கேட்டான்.

"நல்லா இருக்கு தம்பி. ரொம்ப ஈரமா இருக்கு, அதான்."

"ஈரமா இருந்தாதான்க்கா நாளைக்கு வரைக்கும் தாங்கும். காடிக்கா, லாரிக்கா?"

காடிக்குத்தான், என் காருக்குத்தான் என்று சொல்லி ஒன்று வாங்கிக்கொண்டேன். எதற்குச் சிரித்தேன் என்று அவனுக்கு விளக்கப் போயிருந்தால் மற்ற வாடிக்கையாளர்கள் கலைந்து போயிருப்பார்கள். இதைச் சொன்னால் கூடவே சிரிக்கக்கூடிய ஒரே ஆள் நீ. அதனால் உனக்கு எழுதுகிறேன். நீ இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எழுதுகிறேன்.

சிரித்தேனே தவிர, பயமும் இருந்தது. இன்று கோலா கெடாவுக்குப் போய் உன் அத்தாவைப் பார்க்க வேண்டிய நாள். நீ போன பிறகு அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தொலைபேசியில், குரலைத் தணித்துக் கேட்டார்: "பெர்ரி ஜெட்டியில எல்லாரும் கேக்குறாங்கம்மா, ஒங்க மவ ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுத்துச்சான்னு. இல்லேன்னு சொல்ல முடியுது. அப்பறம் என்னான்னு சொல்ல முடியல. என் புள்ள என்னா வேல பாத்துச்சு?"

அன்றே சொல்லப் பார்த்தேன். "படிகம்" என்று ஆரம்பித்தேன், அவர் "ம்" என்றார். "துடிப்பு" என்றேன், அதற்கும் "ம்". பிறகு ஒருநாள் மறுபடி முயன்றேன். கடைசியில் அவர்தான் என்மேல் இரக்கப்பட்டு, "நேர்ல வர்றப்ப சொல்லும்மா" என்று பேச்சை முடித்து வைத்தார். இந்த விடுமுறையிலும் சொல்ல முடியாமல் திரும்பினேன் என்றால், நீ உன் ஆயுசைக் கொடுத்துச் செய்த வேலை உன் சொந்த ஊரில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேவாகவே நிலைத்துவிடும். அதை என்னால் தாங்க முடியாது.

காடியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரம் போய்விடலாம். உன் பழக்கம் தொற்றிக்கொண்டதால் பழைய ரோட்டிலேயே போனேன். சுங்கை பட்டாணியில் நாம் கல்லூரிக்கு முந்திய ஆறாம் படிவம் படித்த பள்ளியைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

அந்தப் பள்ளியில் நீ ஒருநாளாவது நேரத்துக்கு வந்திருக்கிறாயா? உன் சாச்சி வீடு நடந்து போகிற தூரத்தில் இருந்தது. நான் எங்கள் செம்பனைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து, இன்னொரு பஸ் மாறி, வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்த பிறகு நீ சாவகாசமாக வாசலில் வந்து நிற்பாய். சோம்பேறித்தனமும் இல்லை, தூக்கமும் இல்லை. நேர் வழியை விட்டுவிட்டு, பாசார் பக்கமாக ஒரு சுற்று, ரயில் தண்டவாளத்தின் ஓரமாக ஒரு சுற்று என்று எதையாவது பார்த்துக்கொண்டு வருவாய். இயற்பியல் ஆசிரியர் கைக்கடிகாரத்தைக் காட்டுவார். "வந்துட்டேன்ல சார்" என்பாய். வந்ததற்காக அவர் உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிற மாதிரி ஒரு முகம். எனக்கு அப்படி எரிச்சலாக வரும். அந்த எரிச்சலில்தான் நம் நட்பே தொடங்கியது, உனக்கும் அது தெரியும்.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். அப்பா அப்போது தோட்டத்து லாரி ஓட்டினார், செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி. காலையிலேயே அதைக் கழுவித் துடைத்து, முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாம் தயாராக இருந்தது. பூஜைக்குப் பிறகு லயத்து வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் பின்னால் ஏற்றிக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்று வருவது வழக்கம். நீ பிள்ளைகளோடு ஏறவில்லை. மாலையை நான்தான் போடுவேன் என்று அப்பாவிடம் அடம்பிடித்தாய். முன்னால் போட்டால் விழுந்துவிடும் என்று அப்பா, பக்கக் கண்ணாடியைத் தாங்கி நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைக் காட்டினார்.

"இதுலதான் போடணும்மா. நீட்டிக்கிட்டு இருக்கற கம்பி எதுக்கு இருக்கு?"

கண்ணாடி பார்க்கத்தான் இருக்கிறது என்று நான் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. நீ இரண்டு பக்கமும் மாலை போட்டுவிட்டு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, அப்பாவோடு தோட்டத்தைச் சுற்றினாய். அன்று முழுக்க என் வீட்டில் எல்லோரும் உன்னைத்தான் கொஞ்சினார்கள். எனக்கு வாயில் பொரியும் மனதில் பொறாமையும்.

அதற்குப் பிறகு நீ ஒரு நாட்டுக்கும் நான் ஒரு நாட்டுக்கும் படிக்கப் போனோம். பல ஆண்டுகள் கழித்து, எக்ஸ்ரே லேசர் இருக்கிற அந்த ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்து, முதல் நாள் உணவகத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு விழித்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல்: "இங்க சம்பல் கெடைக்காதுலா. என் ரூம்ல இருக்கு, வா." திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. தட்டோடு உன்னைக் கட்டிப்பிடித்ததில் சூப் உன் சட்டையெல்லாம் கொட்டியது.

நீ அப்போதே உன் கருவியைக் கட்டத் தொடங்கியிருந்தாய். எக்ஸ்ரே துடிப்பு ஒன்று வருகிறது, நம்பமுடியாத அளவுக்குக் குறுகிய துடிப்பு. அதை ஒரு மெல்லிய சிலிக்கான் படிகத்தில் விழவைத்தால் ஒரு பங்கு ஊடுருவி நேரே போகும், ஒரு பங்கு திரும்பும். நேரே போவதை அதன் போக்கில் விட்டுவிட்டு, திரும்பியதை இன்னும் சில படிகங்களில் பட்டுத் தெறிக்கவைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, பழையபடி அதே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சுற்றி வந்தது தாமதமாகத்தான் வரும். நகத்தின் கனம் அளவுக்குக் கூடுதலாகச் சுற்றினால், ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்து அதில் ஒரு பங்கு தாமதம். ஒளியைத் தாமதப்படுத்த இதைவிட்டால் வேறு நல்ல வழி இல்லை.

"நிக்க வைக்க முடியாதுடி. சுத்தி வரச் சொல்லலாம்" என்று நீ ஒருநாள் சொன்னாய். பள்ளி வாசலில் நின்ற அதே முகம். வாழ்நாளெல்லாம் செய்த ஒழுங்கீனத்துக்கு ஒரு வேலையையே கண்டுபிடித்துவிட்டாய் என்றேன். அதற்கு நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார்.

சொல்வது சுலபம். அந்த இரண்டு துடிப்புகளும் ஒரே இடத்தில், ஒரே கணத்தில் வந்து சேரும் நிலையை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்துதான் தாமதத்தை அளக்கவே முடியும். இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தால் திரையில் மெல்லிய வரிகள் தோன்றும், சேராவிட்டால் ஒன்றும் தெரியாது. கதிரைப் பயன்படுத்த நமக்கு ஒதுக்கிய அந்த வாரம் முழுக்கத் தேடினோம். படிகத்தைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினோம், கொஞ்சம் பின்னே நகர்த்தினோம். திரை வெறிச்சென்றே இருந்தது. நம் குழுத் தலைவர், அந்த நெடிய மனிதர், அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை, ஒவ்வொரு காலையும் வந்து திரையைப் பார்ப்பார், உன்னைப் பார்ப்பார், போய்விடுவார். இந்த வாரம் கிடைக்காவிட்டால் உன் கருவியைக் கழற்றிவிட்டு வேறு குழுவின் கருவியைப் பொருத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

அந்த வாரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். நீ பேரங்காடியில் செவ்வந்தி வாங்கி, ஊசியில் நூல் கோத்துக் குத்திக் குத்தி ஒரு மாலை செய்து, வாடாமல் இருக்கக் குளிர்பெட்டியில் வைத்து, தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டு வந்தாய்.

"ஒங்க வீட்ல லாரிக்கே மால போடுவீங்க. என் மெஷின் என்னா பாவம் பண்ணுச்சு?"

"நீ பாய் வீட்டுப் புள்ளடி" என்றேன்.

"நான் சாமி கும்புடலலா. மால போடுறேன். ஒங்கப்பாகிட்ட கத்துக்கிட்டது."

கதவைப் பூட்டிக் கதிரை விடுவதற்கு முன்னால் உள்ளே போய் நீயே போட்டாய். கருவியின் பக்கவாட்டில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. லாரிக் கண்ணாடிக் கம்பி மாதிரியே இருந்தது. அது எதற்கு இருக்கிறது என்று நீ ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, பக்கத்தில் நின்ற நானும் யோசிக்கவில்லை. தோட்டத்து லாரியைச் சுற்றி வந்த இரண்டு பேருக்குத்தான் அந்தக் கம்பி மாலை போடுகிற கம்பியாகத் தெரியும். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

அது வெப்பமானி. கருவியின் சூட்டை அசையாமல் வைத்திருக்க, அதன் உறைக்கு வெளியே நீயே பொருத்திய வெப்பமானி.

குளிர்ந்த, ஈரமான பூ வெப்பமானியைப் போர்த்திக்கொண்டது. அறை குளிர்ந்துவிட்டது என்று கருவி நினைத்துக்கொண்டது. சூடேற்றி தன்பாட்டுக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. உள்ளே இருந்த உலோகத் தளம் மெல்ல மெல்ல விரிந்தது. வெளியே கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த நமக்கு இது எதுவும் தெரியாது. திரையில் ஒரு புள்ளி மட்டும் யாரும் தொடாமலே நகர்ந்துகொண்டிருந்தது. தலைவர் உன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். உன் கருவி நிலையாக நிற்காது என்று குழுவில் முன்பே சொன்னவர்கள் உண்டு. நான் விசையை நோக்கிக் கையை நீட்டினேன், புள்ளியை இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவர.

"தொடாத" என்றாய்.

நான் கையை எடுத்துவிட்டேன். நீ திரையின் மேல் மூக்கை வைத்துக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரம் கழித்து எனக்கும் தெரிந்தது. மிக மெல்லிய வரிகள், சீப்பால் வாரிய மாதிரி. வந்தன, தெளிந்தன, பிறகு கலைந்து போயின. தளம் விரிந்ததில் சுற்றுவழி தன்னால் நீண்டு, நாம் தாண்டித் தாண்டிக் குதித்த அந்த இடத்தின் மேல் ஊர்ந்து போயிருக்கிறது. நாம் பெரிய பெரிய அடியாக எடுத்து வைத்துத் தேடியிருக்கிறோம். மாலை பொறுமையாகத் தேடியிருக்கிறது.

உள்ளறைக் கேமராவைப் பார்த்துவிட்டு நீ முதலில் தலையில் கைவைத்தாய், அப்புறம் சிரித்தாய். சிரித்துக்கொண்டே தலைவரிடம் உண்மையைச் சொன்னாய். பூ, லாரி, என் அப்பா, எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, மாலையை எடுத்துவிட்டு, தளம் ஆறிய பின்னர், இதே இடத்தை இந்த முறை சிறிய அடிகளாக வைத்துத் தேடுங்கள் என்றார். கதவு வரை போனவர் திரும்பி, அந்தப் பூவை எறிந்துவிட வேண்டாம், கதவில் மாட்டிவையுங்கள் என்றார். மறுநாள் வரிகள் வந்தன. இந்த முறை வந்தவை அங்கேயே நின்றன. நாம் இருவரும் அறைக்கு வெளியே போய்க் குதித்தோம். உன் கருவி கழற்றப்படவில்லை. அதன் பிறகு ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அந்தக் கதவுக்கு ஒரு மாலை உண்டு. நாம் மறந்தாலும் தலைவர் மறப்பதில்லை.

இன்று குருண் பக்கம் வரும்போது ஜெராய் மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் வயல். ஊருக்கு வரும்போதெல்லாம் நீ இந்த இடத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டுவாய். நானும் நீட்டினேன். அப்போதுதான் அழுகை வந்தது, அங்கே மட்டும் கொஞ்சம். நோய் உன்னை எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோய்விட்டது. எதற்கும் அவசரப்படாதவள் நீ. ஆய்வுக்கூடம் இருக்கிற ஊரிலேயே உன்னை அடக்கம் செய்தோம், அத்தாவால் வந்து சேர முடியவில்லை. தலைவர் மையவாடிக்கு வந்திருந்தார், என் பக்கத்தில் நின்றார். எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது. இப்போதும் வருகிறது. போகட்டும்.

ஜெட்டியோரத்தில் உன் அத்தாவின் சாப்பாட்டுக் கடை அப்படியே இருக்கிறது. லங்காவித் தீவுக்குப் போகும் பெர்ரிக்குக் காத்திருக்கும் கூட்டம், பெட்டியும் பிள்ளைகளுமாக. அத்தா இப்போது தே தாரிக் டீ ஆற்றுவதில்லை, தோள்வலி. வாசலோரத்து மேசையில் உட்கார்ந்து, ஆற்றுகிறவனைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாம்மா. எளச்சிப் போயிட்ட. ரொட்டி சானாய் போடச் சொல்லவா?"

சாப்பிட்டு முடிக்கும் வரை உன்னைப் பற்றிப் பேசவில்லை. சண்டைக்குத் தயாராகிறவள் மாதிரி நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டை எடுத்ததும் மேசையில் கரண்டிகளை நாலு மூலையிலும் வைத்தேன். இது படிகம் அத்தா, இது ஒளி வரும் வழி, இங்கே பிரியும், இப்படிப் போகும், இப்படித் திரும்பும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினேன். அத்தா மரியாதையாகக் கேட்டார். கடைக்கு வரும் சோப்பு வியாபாரியை எவ்வளவு மரியாதையாகக் கேட்பாரோ அவ்வளவு. நடுவில் ஒருவர் வந்து, "கரண்டி வேணும்லா" என்று என் இரண்டாவது படிகத்தை எடுத்துக்கொண்டு போனார்.

பக்கத்து மேசையில் இருந்தவர் முன்பு பெர்ரி டிக்கெட் கவுண்டரில் இருந்த மாமா. நாள் தவறாமல் அங்கே உட்காருகிறவர். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளயும் ஒங்க மவகூட எக்ஸ்ரே எடுக்குதா பாய்? எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார்.

அத்தா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. "ஆஸ்பத்திரி இல்ல" என்று மட்டும் சொன்னார்.

கரண்டிகளை ஒதுக்கினேன். வேறு வழி தெரியாமல், காலையிலிருந்து மனதில் சுற்றிக்கொண்டிருந்த மாலைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். விளக்குவதற்காகச் சொல்லவில்லை. அவர் முகம் அப்படி இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

லாரியிலிருந்து ஆரம்பித்தேன். கண்ணாடிக் கம்பி வரும்போது அவர் முகம் கொஞ்சம் இளகியது. நீ ஊசியால் மாலை குத்தியதைச் சொன்னதும், "ஊசியிலயா? அதுக்குச் சட்ட பட்டனே தைக்கத் தெரியாதே" என்றார். நீ மாலையை வெப்பமானியின் மேல் போட்ட இடத்தில் அத்தா மேசையைத் தட்டிச் சிரித்தார். டிக்கெட் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். தேநீர் ஆற்றுகிறவனும் காதை இங்கே வைத்துக்கொண்டு ஆற்றினான். புள்ளி தன்னால் நகர்ந்தது என்றதும், "அய்யய்யோ, வேல போயிருச்சா?" என்று மாமா கேட்டார்.

"இல்ல மாமா. அதனாலதான் கெடச்சிச்சு."

பிறகு கேள்விகள் அவர்களிடமிருந்து வந்தன. எதுக்கு ரெண்டா பிரிக்கணும்? எதுக்கு ஒண்ண லேட்டாக்கணும்? எனக்கும் பதில் சொல்ல எளிதாக இருந்தது. ஒரே படத்துல ரெண்டு தடவ பிளாஷ் அடிக்கிற மாதிரி அத்தா, என்றேன். முதல் பிளாஷுக்கும் ரெண்டாவது பிளாஷுக்கும் நடுவுல ஆள் ஆடாம நின்னா படம் பளிச்சுன்னு இருக்கும். ஆடிட்டா மங்கிப்போவும். எவ்வளவு மங்குதுன்னு பாத்தா எவ்வளவு ஆடுச்சுன்னு தெரிஞ்சிரும். நடுவுல உள்ள நேரத்தக் கூட்டலாம், கொறைக்கலாம். அதுக்குத்தான் அவ மெஷின்.

"சின்னதுல அது ஒரு படத்துலயும் ஒழுங்கா விழுந்ததில்ல" என்றார் அத்தா. "ஆடிக்கிட்டே இருக்கும். ஸ்டூடியோக்காரன் காச வேணாம்னு சொல்லி அனுப்பிட்டான்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "சரிம்மா. அந்த மெஷினுக்கு முன்னால யாரு நின்னா?"

"யாரும் நிக்க மாட்டாங்க அத்தா."

"அப்ப எதப் படம் எடுத்துச்சு?"

தொலைபேசியிலும் சரி, இன்று கரண்டிகளை வைத்துக்கொண்டும் சரி, இதை மட்டும் நான் சொல்லவே இல்லை. நாம் இருவரும் பேசிய பேச்செல்லாம் படிகம், தளம், சூடு, வழி. கருவி சரியாக வேலை செய்கிறதா என்பதுதான் நமக்குப் பகலும் இரவும். எதைப் பார்க்க அதைக் கட்டினோம் என்பது நம் பேச்சில் வரவே வராது, அது எப்போதும் அங்கே இருக்கிறது என்பதால்.

"தண்ணி அத்தா" என்றேன்.

"என்னா?"

"தண்ணி. சாதாத் தண்ணிதான். சும்மா கிளாஸ்ல இருக்கற தண்ணிகூட உள்ளுக்குள்ள ஓயாம ஆடிக்கிட்டு இருக்கும். அதுல உள்ள துணுக்கு ஒண்ண ஒண்ணு புடிக்கும், விடும், எடம் மாறும். அவ்வளவு வேகத்த எந்தக் கண்ணும் பாக்க முடியாது. எந்தக் கேமராவும் பாக்க முடியாது. அத அவ பாத்தா."

அத்தா கடைக்கு வெளியே பார்த்தார். ஆற்று முகத்தில் ஒரு மீன்படகு திரும்பிக்கொண்டிருந்தது, அது கிளப்பிய அலை ஜெட்டித் தூண்களில் வந்து மோதியது. அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து நான் எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்.

"இங்க, இந்தத் தண்ணிமேல பொறந்துச்சு" என்றார். "ஒரு நாளும் ஊர்ல தங்காது. இங்க என்னா அத்தா இருக்கு பாக்க, இந்தத் தண்ணியவிட்டா என்னா இருக்குன்னு என்கிட்ட சண்ட போட்டுட்டுப் போச்சு. அவ்வளவு தூரம் போயி, தண்ணியையா பாத்துச்சு?"

"தண்ணியத்தான் அத்தா."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"கேட்டா ஒளிய லேட்டாக்குறேன்னு சொல்லுவா."

"ஆமா. நீயே லேட்டுதான்னு நான் சொல்லுவேன். அதோட முடிஞ்சிரும் பேச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தண்ணின்னு சொல்லியிருந்தா நான் கேட்டுருப்பேனே."

அவர் சொன்னதில் வருத்தம் இருந்தது. ஆனாலும் அவர் முகம் தெளிந்திருந்தது. நீ பார்த்திருக்க வேண்டும். ரொட்டி இன்னொன்று போடச் சொல்லிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கூலிம் பக்கத்திலிருந்து லங்காவி போகும் குடும்பம் ஒன்று வந்து உட்கார்ந்தது. பேச்சுவாக்கில் டிக்கெட் மாமா அவர்களிடம் என்னைக் காட்டி, பாய் மகளோடு வெளிநாட்டில் வேலை பார்த்த பெண் என்றார். அந்த அம்மா மரியாதைக்கு, "ஒங்க மக என்னா வேல பாக்குறாங்க?" என்று அத்தாவிடம் கேட்டார். பார்க்கிறாங்க என்றுதான் கேட்டார், பாவம், அவருக்குத் தெரியாது. நான் பதில் சொல்ல நிமிர்ந்தேன். அத்தா கையைக் காட்டி என்னை உட்காரவைத்தார்.

"தண்ணி எப்படி அசையுதுன்னு பாத்துச்சு எம் புள்ள" என்றார். "நம்ம கண்ணுக்குத் தெரியாத வேகத்துல அசையும். அதப் பாக்கறதுக்கு அதுவே ஒரு மெஷின் கட்டுச்சு."

அந்த அம்மா, "அப்படியா?" என்று கிளாசில் இருந்த தண்ணீரைப் பார்த்தார். அத்தாவும் பார்த்தார்.

இதை எழுதும்போது வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரம் திரும்பிப் போகிறேன். நீ இல்லாமல் உன் கருவியை நான் இயக்கப்போவது அதுதான் முதல் முறை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வந்து நிற்பார்கள், இது என்ன பெட்டி என்று கேட்பார்கள். இதற்கு முன்னால் என்றால் படிகத்திலிருந்து ஆரம்பித்திருப்பேன். இனி உன் அத்தா சொன்னதைத்தான் முதலில் சொல்வேன், அவர் சொன்ன தமிழிலேயே. அவர்களுக்கு ஒரு எழுத்தும் புரியாது. அப்புறம் அவர்கள் மொழியில் சொல்லிக்கொள்கிறேன்.